வேரோடு ஒட்டிய வெள்ளை உருண்டை

கேள்வி: என் மகனுக்கு 19 வயது, திருப்பதியில் படிக்கிறான். கீழ்க் கடைவாய்ப்பல்லில் சில மாதங்களாக வலி. தாடையும் லேசாக வீங்கியிருக்கிறது. சொத்தை இல்லை. எக்ஸ்ரேயில் வேரோடு வெள்ளை உருண்டை தெரிகிறது. ஒரு டாக்டர் ரூட் கேனல் போதும் என்கிறார். இன்னொருவர் பல்லை எடுக்கச் சொல்கிறார். புற்றுநோயாக இருக்குமோ?
- ஒரு வாசகி, சித்தூர்

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், சிமென்டோபிளாஸ்டோமாவாக இருக்கலாம். இது புற்றுநோய் அல்ல. வேரைப் போர்த்தியிருக்கும் சிமென்டத்திலிருந்து வளரும் அபூர்வமான கட்டி. பெரும்பாலும் 30 வயதுக்குட்பட்டவர்களுக்கு, கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லில் வரும். எக்ஸ்ரேயில் வேரின் விளிம்பே தெரியாதபடி உருண்டை ஒட்டியிருக்கும். அதைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு ஓடும்.

ரூட் கேனலுக்குச் சம்மதிக்கும் முன், பல்லுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்தார்களா எனக் கேளுங்கள். குளிரூட்டிய பஞ்சைப் பல்லில் வைப்பார்கள். சுரீரென்று கூசிச் சில நொடிகளில் அடங்கினால் நரம்பு நன்றாக இருக்கிறது. சீழ்க்கட்டி என்றால் பொதுவாக நரம்பு செத்திருக்கும். இந்தக் கட்டியில் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். இந்தச் சோதனையைச் செய்யாமல் விடுவதால் வேறொரு தவறும் நடக்கிறது. நடுத்தர வயதுப் பெண்களின் கீழ் முன்பற்களின் வேர் நுனியில் சில சமயம் எக்ஸ்ரேயில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். நாளடைவில் அவையே வெளுக்கும். அதற்குச் சிகிச்சையே வேண்டாம். ஆனாலும் சீழ் என்று நினைத்து நல்ல பற்களுக்கு ரூட் கேனல் செய்துவிடுகிறார்கள். ஒரு நிமிடச் சோதனையில் தவிர்க்கக்கூடிய இந்த இழப்பு எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

உங்கள் மகனுக்குச் சிமென்டோபிளாஸ்டோமா என்று உறுதியானால், ரூட் கேனல் மட்டும் போதாது. கட்டியைப் பல்லோடு சேர்த்து எடுத்து, அந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்வதே வழக்கமான சிகிச்சை. மிச்சம் வைத்தால் மறுபடி வளரும். கட்டி சிறியதாக இருந்தால், ரூட் கேனல் செய்து வேர் நுனியோடு கட்டியை வெட்டியெடுத்துப் பல்லைக் காப்பாற்றியவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும்.

கீழ்த்தாடை நரம்பு எவ்வளவு அருகில் ஓடுகிறது என்று அறிய சிபிசிடி ஸ்கேன் உதவும். எடுத்த திசுவைப் பயாப்ஸிக்கு அனுப்பும்போது எக்ஸ்ரேயும் கூடவே போக வேண்டும். மைக்ராஸ்கோப்பில் மட்டும் பார்த்தால் இது சில எலும்புக் கட்டிகளைப் போலவே, சமயத்தில் எலும்புப் புற்றுநோயைப் போலவும் தோன்றும். அதனால்தான் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகச் சொல்கிறேன். வாய்நோயியல் பிரிவும் அறுவை சிகிச்சைப் பிரிவும் அங்கே ஒரே இடத்தில் இருக்கும். திருப்பதியிலேயே சி.கே.எஸ். தேஜா பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சித்தூரிலிருந்து வேலூர் சி.எம்.சி.யும் பக்கம்தான்.

பல் சார்ந்த கட்டி பெரிதாக இருந்தாலே ஆபத்து என்றில்லை. 2019-ல் சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியில் 7 வயதுச் சிறுவனின் தாடையிலிருந்து 526 குட்டிப் பற்கள் அடங்கிய கட்டியை எடுத்தார்கள். அதுவும் புற்றுநோய் அல்ல.

ஆனால் கீழுதடு மரத்துப்போனாலோ, வீக்கம் வேகமாக வளர்ந்தாலோ, பக்கத்துப் பற்கள் ஆடினாலோ தேர்வு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், உடனே அழைத்துப்போங்கள். பழைய எக்ஸ்ரே ஒன்று விடாமல் எடுத்துச் செல்லுங்கள்.