மார்க்கர் மை ஊறுகிறதே!

கேள்வி: ஆசையாக ஆல்கஹால் மார்க்கர் வாங்கினேன். கலரிங் புத்தகத்தின் பின்பக்கப் படம் பாழாகிறது. நிறமும் கோடு கோடாக நிற்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: சாயத்தை ஆல்கஹாலில் கரைத்த மை அது. தாளில் ஊறத்தான் செய்யும். ஊறினால்தான் நிறங்கள் கலக்கும். 2013இல் வந்த ஜோஹன்னா பாஸ்ஃபோர்டின் ‘சீக்ரெட் கார்டன்’ போல இருபக்கமும் அச்சிட்ட புத்தகங்களுக்குக் கலர் பென்சிலே நல்லது. மார்க்கருக்கு ஒருபக்கம் மட்டும் அச்சிட்டதை வாங்கி, அடியில் தடித்த அட்டை வையுங்கள்.

கோடு விழுவது முதல் பூச்சு காய்ந்துவிடுவதால். ஓர் இலையை எடுத்துக்கொள்ளுங்கள்: முழுக்க வெளிர்பச்சை பூசி, ஈரம் இருக்கும்போதே காம்போரம் கரும்பச்சை வைத்து, இரண்டும் சேரும் இடத்தை மறுபடி வெளிர்பச்சையால் தேயுங்கள். அந்த நேரம் மின்விசிறி வேண்டாம், மை சீக்கிரம் காய்ந்துவிடும்; வாடை போக ஜன்னல் திறந்திருக்கட்டும். பெரிய செட்டுக்குச் செலவழிக்காதீர்கள். கிராஃபோர்ட் மார்க்கெட் அருகே அப்துல் ரஹ்மான் தெருவில் உதிரியாகக் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். ஒரே நிறத்தில் மூன்று சாயல் போதும். இருமுனை மார்க்கர்களைப் படுக்கைவாக்கிலேயே வையுங்கள்.