முஷ்டிப் பயிற்சியும் விரற்கணுக்களும்

கராத்தே என்னும் போர்க்கலை ஜப்பானின் தென்கோடியிலுள்ள ஒகினாவாத் தீவில் வளர்ந்ததாகும். 1922-ஆம் ஆண்டில் புனகோஷி கிச்சின் என்னும் ஆசிரியர் தோக்கியோ நகரில் அதனைச் செய்து காட்டிய பின்னர் ஜப்பான் முழுவதிலும், அதன்பின் உலகெங்கும் அது பரவலாயிற்று. 'தே' என்பது அவர்கள் மொழியிற் கையைக் குறிக்கும். கையையே ஆயுதமாக்க முற்பட்டோர் அக்கையை உரப்படுத்தவும் வழி தேடினமை இயல்பே. முஷ்டியின் விரற்கணுக்களை நாள்தோறும் ஒரு பலகையின்மீது குத்திப் பழக்குதல் அவ்வழிகளுட் சிறந்ததெனக் கொள்ளப்பட்டது. இப்பழக்கம் கராத்தேயுடன் நம் நாட்டிற்கும் வந்துவிட்டது. கணுக்களின்மீது காய்ப்பேறிய கையை நண்பர்க்கு நீட்டிக் காட்டி மகிழும் மாணவரும் உளர். அக்கையைக் கண்டு, இது பிற்காலத்தில் எழுதுகோல் பிடிக்குமோ என அஞ்சும் தாய்தந்தையரும் உளர். இவ்விருதிறத்தாரும் நோக்குவது காய்ப்பையே. நன்மையும் தீமையும் நிகழுமிடம் காய்ப்பிற்குக் கீழே, எலும்பிலும் மூட்டிலும் உள்ளது என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அப்பலகைக்கு மகிவாரா என்று பெயர். சுற்றிய வைக்கோல் என்பது அச்சொல்லின் பொருள். நிலத்தில் ஆழ நட்ட மரப்பலகையின் உச்சியில், ஏறக்குறைய மார்பளவு உயரத்தில், வைக்கோற் புரியை இறுகச் சுற்றி அதன்மேற் குத்துவர். இதிற் கவனிக்கத்தக்கது பலகையின் வடிவம். அடியிற் பருத்து மேலே போகப்போக மெலிந்திருத்தலின், குத்தியவுடன் உச்சி பின்னே வளைந்து மீண்டும் நிமிரும். முதலிற் சிறிதே எதிர்த்து, வளைய வளைய மிகுதியாக எதிர்ப்பதால், தாக்கு ஒரே கணத்தில் எலும்பின்மீது விழாமல் சற்றே நீண்டு பரவுகின்றது. இவ்வளைவே கையைக் காப்பது. சிமெண்டுச் சுவரையும் தூணையும் குத்திப் பழகுவோர் தாமும் மகிவாராப் பயிற்சியே செய்வதாக எண்ணிக்கொள்வது பெரும்பிழை. சுவர் வளையாது, அப்பொழுது கொடுக்க வேண்டியது கையாகிவிடும்.

வளையும் பலகையால் மற்றுமொரு நன்மையுண்டு. எமது கருத்தில் அதுவே முதன்மையானது. வெறுங்காற்றைக் குத்துவோர்க்குத் தம் குற்றம் தெரிவதில்லை. மணிக்கட்டு மடங்கியிருப்பினும் தோள் உயர்ந்திருப்பினும் காற்று ஒன்றும் சொல்லாது. பலகையோ அப்பொழுதே சொல்லிவிடும். மணிக்கட்டு நேராக இல்லையேல் நோகும். கால் ஊன்றாதிருப்பின் உடல் பின்னே தள்ளப்படும். பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில், ஆகாயத்தை அடிக்கும் போராளியைப்போல் தாம் இல்லையென்று கூறுமிடத்தை நம் வாசகர் அறிவர். மூலத்தில் முஷ்டியுத்தத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்குத் தமிழ் வேதாகமத்தார் சிலம்பம் என்னும் சொல்லை வழங்கியிருப்பதும் சுவையானதே. ஆகாயத்தை அடிப்பதன் வீண்மை அந்நாளிலேயே தெரிந்திருந்தது போலும்.

இனி முஷ்டியின் அமைப்பைப் பார்ப்போம். கையை மூடுங்கால் புடைத்தெழும் நான்கு கணுக்களும் உள்ளங்கை எலும்புகள் நான்கின் தலைகளாம். அவை ஒரு தன்மையன அல்ல. ஆட்காட்டிவிரலுக்கும் நடுவிரலுக்கும் உரிய எலும்புகள் மணிக்கட்டின் சிற்றெலும்புகளோடு ஏறத்தாழ அசைவின்றி இறுகப் பொருந்தியுள்ளன. ஆகவே அவற்றின்மீது விழும் தாக்கு நேரே முன்கைக்குச் செல்லும். மோதிரவிரல், சுண்டுவிரல் என்பவற்றின் எலும்புகளோ அடியில் அசையும் தன்மையன. கையைக் கிண்ணம்போற் குவித்துப் பார்ப்பார்க்கு இவ்வேற்றுமை எளிதிற் புலனாகும். ஒகினாவா ஆசிரியர் முதலிரு கணுக்களாலேயே குத்தவேண்டும் என்று வற்புறுத்தியதன் காரணம் இதுவே. சுண்டுவிரற் பக்கம் படும்படி குத்தினால், அவ்விரலின் அங்கை எலும்பு தலைக்குச் சற்றுக் கீழே முறிகின்றது. மேல்நாட்டு மருத்துவர் இதனைக் குத்துச்சண்டைக்காரர் முறிவு என்பர். ஆயினும் தேர்ந்த குத்துச்சண்டைக்காரரைவிட, சினம் மிகுந்து சுவரையும் கதவையும் குத்துவோரிடமே இம்முறிவு மிகுதியாகக் காணப்படுகின்றது!

பலகையைக் குத்துவதால் எலும்பு உண்மையிலேயே உரமேறுமா எனின், ஏறும். எலும்பு உயிருள்ள பொருள். தன்மீது விழும் சுமைக்கேற்ப அது தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும் என்பதை ஜெர்மானிய ரண வைத்தியர் யூலியுஸ் வோல்ஃப் 1892-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். டென்னிஸ் வீரரின் இரு கைகளையும் ஒப்பிட்டால், மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்றதைவிடத் தடித்திருப்பது இதற்குச் சான்று. ஆனால் இம்மாற்றம் நிகழும் முறையை மாணவர் அறிந்துகொள்ளல் வேண்டும். முதலில் ஒருவகை உயிரணுக்கள் பழைய எலும்பை அரித்து நீக்குகின்றன; இது சில வாரங்களில் முடியும். அதன்பின் வேறொருவகை உயிரணுக்கள் அவ்விடத்திற் புதிய எலும்பை இடுகின்றன. இதற்கு மாதங்கள் செல்லும். பழைய வீட்டின் சுவரை இடித்துப் புதுச்சுவர் எழுப்புவோன் இடையிற் சிலகாலம் சுவரின்றி இருப்பதுபோல, எலும்பும் இடையிற் சற்று நலிந்தே இருக்கும். ஊக்கமிகுதியால் அந்நாளில் அடியின் வன்மையைப் பெருக்குவோர்க்கு எலும்பில் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றுவதுண்டு. முதல் மாதத்தில் நோவின்றிப் பழகியவன் இரண்டாம் மாதத்தில் துன்புறுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

நாளொன்றுக்கு எத்தனை குத்து என்பது அடுத்த வினா. கராத்தேயை ஒகினாவாப் பள்ளிகளிற் புகுத்திய இதோசு அன்கோ என்னும் பேராசிரியர் 1908-இல் எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில், ஒவ்வொரு கையாலும் நூறு முதல் இருநூறு முறை மகிவாராவைக் குத்துமாறு அறிவுறுத்தினார். அவர் பெரிய ஆசிரியர். அவர் கூறியதில் வடிவத்தைத் திருத்தும் நன்மை உண்டு. எலும்பை உரப்படுத்துவதற்கு அத்தனை முறை வேண்டுமா என்பது வேறு. 1997-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் எலிகளைக் குதிக்கச் செய்து பார்த்தனர். நாளொன்றுக்கு 5 முறை மட்டும் குதித்த எலிகளின் எலும்பே குறிப்பிடத்தக்கவாறு உரமேறியது. 100 முறை குதித்தவை அதற்குத் தக்க மிகுபயன் அடையவில்லை. எலும்பின் உயிரணுக்கள் சில தாக்குகளுக்குப் பின் உணர்ச்சி மழுங்கி, ஓய்வுக்குப் பின்னரே மீண்டும் செவிசாய்க்கும் என்பதும் பின்வந்த சோதனைகளாற் புலப்பட்டது. எலிக்கும் மனிதனுக்கும் வேற்றுமை உண்டென்பதை மறந்தோமல்லோம். எனினும் நூற்றுக்கணக்கிற் குத்தினாலன்றிப் பயனில்லை என்னும் கொள்கைக்கு இதனால் ஆட்டங் கண்டுவிட்டது.

காய்ப்பைப் பற்றிச் சுருங்கச் சொல்வோம். அது தோலின் மேற்படலம் தடிப்பதே. மண்வெட்டி பிடிப்போர் உள்ளங்கையிலும் அதனைக் காணலாம். தோல் கிழியாமற் காக்கும் அளவுக்கு அதனாற் பயனுண்டு. எலும்பு உரமேறியதற்கு அது அறிகுறியாகாது. சொரசொரப்பான பரப்பில் கணுவைத் தேய்த்தாலே காய்ப்பு வந்துவிடும்.

தீமை மிகுதியும் மூட்டில் உள்ளது. எலும்பின் தலையைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்புக்கு இரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. நரம்பின்மையால் அது சிதையுங்கால் நோவு தெரியாது. இரத்தமின்மையால் சிதைந்தபின் எளிதில் வளராது. எலும்பு முறிந்தாற் கூடும். குருத்தெலும்பு தேய்ந்தாற் பழைய வண்ணம் ஆவதில்லை. ஆகவே, எனக்கு வலிக்கவில்லை என்று கூறும் மாணவன் மெய்யே சொல்கின்றான். அம்மெய் அவனைக் காப்பதில்லை. மூட்டிற்குமேல் ஓடி விரலை நிமிர்த்தும் தசைநாணும் கருதத்தக்கது. கணுவின் உச்சியில் அது வழுவாதவாறு இருபுறமும் மெல்லிய நார்ப்பட்டைகள் பற்றியுள்ளன. நடுவிரற் கணுவில் அப்பட்டை கிழிந்தால் நாண் பக்கவாட்டில் நழுவும். விரலை நிமிர்த்தல் அரிதாகும். வீக்கம் வடிந்தபின்னும் விரல் நிமிராதிருந்தால் தைலம் தடவிக்கொண்டிராமல் மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

இத்தனை தீமை உண்டெனின், ஆயுட்காலம் முழுவதும் குத்திய ஆசிரியர்களின் கைகள் என்னவாயின என்று கேட்கப்படலாம். நல்ல கேள்வியே. 1985-இல் பிரிட்டனில் வெளியான ஓராய்வில் 22 கராத்தே ஆசிரியரின் கைகளை எக்ஸ்-ரே படம் பிடித்து ஆராய்ந்தனர். நெடுநாட் குத்துப் பயிற்சியால் மூட்டுவாதம் முன்கூட்டியே வருமென்பதற்கு அதிற் சான்று கிடைக்கவில்லை. பெற்றோர் இதனாற் சற்று ஆறுதல் அடையலாம். ஆயினும் ஒன்று நினைக்கத்தக்கது. ஆராயப்பட்டோர் ஆசிரியராக நிலைத்தவர்கள். கை கெட்டு இடையிற் பயிற்சியை விட்டவர்கள் அக்கணக்கில் வரவில்லை. கரைசேர்ந்தோரை மட்டும் எண்ணி ஆற்றின் ஆழத்தை அளக்கலாகாது. முறையாக, பல்லாண்டு பொறுமையாகப் பழகினோர் கை கெடவேண்டுமென்பதில்லை. அவ்வாய்வு இவ்வளவே கூறும்.

இளஞ்சிறார் பொருட்டு நாம் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியுளது. பிள்ளைகளின் எலும்பு நீள்வது அதன் முனையருகேயுள்ள குருத்துப் பகுதியிலே. கட்டைவிரல் நீங்கலாக மற்ற நான்கு அங்கை எலும்புகளுக்கும் அப்பகுதி அமைந்திருப்பது கணுவின் பக்கத்திலேயாம். குத்தும்பொழுது அடிபடும் அதே இடம். ஏறக்குறைய 14 முதல் 19 வயதுக்குள், பெண்பிள்ளைகட்கு முன்னும் ஆண்பிள்ளைகட்குப் பின்னுமாக, அது எலும்பாய் இறுகி மூடும். அதுவரை அங்கே விழும் பலத்த அடி வளர்ச்சியைக் குலைத்து, விரலைக் குறுகவோ கோணவோ செய்யக்கூடும். ஆகவே பள்ளி மாணவரைக் கடினப் பலகையிற் குத்தவிடுதல் எவ்வகையானும் தகாது. கல்லூரியில் முதலாண்டு பயில்வோரிலும் சிலர்க்கு இது மூடாதிருக்கும். சிறுவரைக்கொண்டு ஓடு உடைப்பித்து விழாமேடையிற் காட்டும் பயிற்சிக்கூடத்தார் இதனை ஒருகணம் எண்ணுவாராக. அங்குக் கைதட்டுவோரில் நாமும் ஒருவராய் இருத்தல் கூடாது.

மூடியபின் தொடங்குவோர், எமது கருத்தின்படி, வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு கைக்கும் இருபது முப்பது குத்துக்கு மேற்படாமல், வளையும் பலகையில், முதல் மூன்று மாதமும் அரைவலியோடு பழகுதல் நன்று. மறுநாட் காலையில் முஷ்டியை முழுதும் மூட இயலவில்லையெனில் அன்று பலகையை அணுகலாகாது. ஒரே பலகையைப் பலர் குத்துமிடத்தில் தோல் கிழிந்து இரத்தம் படிதல் உண்டு. ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ்-பி நோயின் கிருமி உடலுக்கு வெளியே 7 நாள் வரையிலும் வீரியத்தோடிருக்கும். இரத்தம் பட்ட வைக்கோலையோ துணியையோ உடனே மாற்றுதலும், கிழிந்த தோல் ஆறும்வரை விலகியிருத்தலும் ஆசிரியர் கண்டிப்பாய்க் கொள்ளவேண்டிய விதிகளாம்.

முஷ்டியன்றிக் கையின் விளிம்பாலும் அக்கலையில் அடிப்பதுண்டு. சுண்டுவிரற் பக்கத்தில் உள்ளங்கையின் அடியில் ஓடும் நாடி தோலுக்கு மிக அருகே உள்ளது. அங்கே விளிம்பை ஓயாது மோதுவோர்க்கு அந்நாடி நைந்து அடைபட, விரல்கள் வெளிறிக் குளிர்ந்து போவதை மருத்துவர் கண்டுள்ளனர். அதனை ஈண்டு விரிப்பிற் பெருகும்.