எழுத்து ஒன்று, குடும்பம் வேறு: பெயர்ப்பலகையில் இங்கிலீஷ் படிப்பது எப்படி?

பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூரைத் தாண்டினால் சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா. காலையில் அங்கே வந்து இறங்கும் கூட்டத்தில், தமிழ் வழியில் படித்து முதல் வேலைக்கு வருகிறவர்களும் உண்டு. அவர்களில் பலருக்குக் கோடிங் பயமில்லை. மீட்டிங்கில் திடீரென்று வந்து விழும் புதிய இங்கிலீஷ் சொல்தான் திகைக்க வைக்கும். தினம் பத்துச் சொல் என்று அகராதியைக் கையில் எடுப்பவர்களோ பாதி நேரம் 'ஏ' எழுத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

இன்னொரு வழி இருக்கிறது. ஒரே எழுத்துகளைத் தாங்கிய சொற்களைக் கொத்தாகப் பிடிப்பது. ஒரு சின்ன நோட்டு, சொல்லின் பிறப்பையும் சொல்லும் அகராதி, தினம் பதினைந்து நிமிடம். அவ்வளவுதான் தேவை.

படி 1: கண்ணில் படும் பலகையில் தொடங்குங்கள்

சிப்காட் என்பதே சுருக்கப் பெயர். 1971-ல் தொடங்கிய அந்த அரசு நிறுவனத்தின் முழுப்பெயர் 'ஸ்டேட் இண்டஸ்ட்ரீஸ் புரமோஷன் கார்ப்பரேஷன் ஆஃப் தமிழ்நாடு'. இதில் புரமோஷன், கார்ப்பரேஷன் என்ற இரண்டு சொற்களே ஒரு வாரத்துக்குப் போதும்.

படி 2: நடுத்துண்டை வெட்டி எடுங்கள்

புரமோஷனில் முன்னால் பி-ஆர்-ஓ, பின்னால் ஐ-ஓ-என். இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது எம்-ஓ-டி. லத்தீன் மொழியில் இது அசைவைக் குறிக்கும் வேர். பி-ஆர்-ஓ என்றால் முன்னே. ஆக, முன்னே நகர்த்துவது புரமோஷன். தொழிலை நகர்த்தினால் மேம்பாடு, ஆளை நகர்த்தினால் பதவி உயர்வு. இனி அதே மூன்று எழுத்தை மற்ற சொற்களில் தேடலாம்:

மோட்டார் – அசைவைத் தருவது.
மோட்டிவ் – ஒருவரைச் செயலில் இறக்கும் நோக்கம்.
டிமோட் – பதவியில் கீழே இறக்குவது.
ரிமோட் – விலகித் தொலைவில் இருப்பது. டிவி ரிமோட்டும், வீட்டிலிருந்து பார்க்கும் 'ரிமோட் வொர்க்'கும் இதுதான்.
எமோஷன் – மனத்தைக் கலக்கி எழும் உணர்ச்சி.

படி 3: பொருளோடு உச்சரிப்பையும் எழுதுங்கள்

கார்ப்பரேஷனில் கிடைப்பது சி-ஓ-ஆர்-பி. லத்தீனில் உடல். பலர் சேர்ந்து ஒரே உடலாக இயங்குவது கார்ப்பரேஷன். ஒன்றைத் தன் உடலுக்குள் சேர்த்துக்கொள்வது இன்கார்ப்பரேட். பருத்த உடலுக்குக் கார்ப்புலன்ட்.

இந்தக் குடும்பத்தில் ஒரு பள்ளம் உண்டு. பள்ளியில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்குத் தெரியும்: கடைசி 'சி' படைப்பிரிவைக் குறிக்கும் சொல். எழுத்தில் பி-யும் எஸ்-ஸும் இருந்தாலும் ஒருமையில் சொல்லும்போது இரண்டும் வாயில் வராது. 'கோர்' என்றுதான் சொல்ல வேண்டும். எழுதும்போது கடைசியில் ஒரு 'ஈ' சேர்ந்துவிட்டால் அது 'கார்ப்ஸ்', அதாவது பிணம். ஆகவே நோட்டில் சொல்லுக்குப் பக்கத்தில் உச்சரிப்பையும் தமிழில் குறித்துவைக்க வேண்டும்.

படி 4: போலிச் சொந்தங்களைக் களையுங்கள்

இந்த முறையில் பலர் சறுக்கும் இடம் இதுதான். எழுத்து ஒத்துப்போனால் உறவு என்று எண்ணிவிடுகிறார்கள். மதர், மாத் என்ற விட்டில்பூச்சி, மாட்டோ என்ற குறிக்கோள் வாசகம் எல்லாம் எம்-ஓ-டி என்றுதான் தொடங்குகின்றன. ஒன்றுக்கும் அசைவோடு தொடர்பில்லை. மாட்டோ, 'சொல்' என்ற பொருளில் இத்தாலியிலிருந்து வந்தது.

சி-யு-ஆர்-ஆர் என்ற நான்கு எழுத்து இன்னும் சுவையானது. லத்தீனில் அது ஓட்டம். கம்பியில் ஓடுவது கரன்ட், கைக்குக் கை ஓடுவது கரன்சி, மாணவர் ஓடி முடிக்க வேண்டிய பாதை கரிக்குலம். சிறுசேரி இருக்கும் சாலையை 'ஐ.டி. காரிடார்' என்கிறார்களே, அந்தக் காரிடாரும் ஒரு எழுத்து மாறிய இதே வேர்தான். அதே நான்கு எழுத்தோடு வரும் 'கரி' மட்டும் இங்கே ஒட்டாது. அது நம் கறி, கப்பலேறிப் போன தமிழ்ச் சொல்.

கோவளம் கடற்கரைக்குப் போனால் இன்னொரு சோதனை. கேட்டமரான், கேட்டர்பில்லர் இரண்டும் சி-ஏ-டி என்றே தொடங்கும். பூனை எதில் இருக்கிறது? கேட்டர்பில்லரில். கம்பளிப்பூச்சியை 'மயிர் அடர்ந்த பூனை' என்று அழைத்த பழைய பிரெஞ்சு வழக்கிலிருந்து வந்தது அது. கேட்டமரானில் இருப்பது கட்டு: கட்டிய மரம், கட்டுமரம். சோழமண்டலக் கரையில் கண்ட இந்த மிதவையைப் பற்றி ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-ல் வெளிவந்த தன் பயண நூலில் எழுதினார். இன்று இங்கிலீஷில் கேட்டமரான் என்றால் பெரும்பாலும் இரட்டை உடல் கொண்ட படகு. நம் கடற்கரையில் அது கயிற்றால் பிணைத்த மரங்கள். எனவே வேர் தெரிந்ததும் நிறுத்திவிடாமல், இன்றைய பொருளையும் அகராதியில் பார்த்துவிட வேண்டும்.

படி 5: அட்டையில் ஏற்றித் திருப்பிப் பாருங்கள்

பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சீட்டு அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். ஒரு பக்கம் சொல். மறுபக்கம் பொருள், உச்சரிப்பு, அலுவலகத்தில் பேசக்கூடிய ஒரு வாக்கியம். ஜெர்மானிய எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972-ல் பரப்பிய பெட்டி முறை இதற்குப் பொருந்தும். பெட்டியில் ஐந்து அறைகள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும், அடுத்ததை மூன்று நாளுக்கு ஒருமுறை, மற்றவற்றை இன்னும் இடைவெளி விட்டுப் பார்த்தால் போதும்.

படி 6: திரும்பும் வழியில் ஒரு பயிற்சி

மாலையில் ஏறும் மாநகரப் பேருந்தின் நிறுவனப் பெயர் இங்கிலீஷில் 'மெட்ரோபாலிட்டன் டிரான்ஸ்போர்ட் கார்ப்பரேஷன்'. கார்ப்பரேஷன் ஏற்கெனவே நோட்டில் இருக்கிறது. டிரான்ஸ்போர்ட்டில் பி-ஓ-ஆர்-டி, பொருள், சுமப்பது. இம்போர்ட், எக்ஸ்போர்ட், போர்ட்டபிள், போர்ட்ரெயிட் ஆகிய நான்கில் எது இந்தக் குடும்பத்தில் சேராது?

விடை: போர்ட்ரெயிட். உருவப்படத்தைக் குறிக்கும் அந்தச் சொல்லின் வேருக்கு 'இழு' என்று பொருள். கோடு இழுப்பதிலிருந்து பிறந்தது.