"பிளேட்லெட் எவ்வளவு?"

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் ஒருவருக்கு டிங்கி என்று தெரிந்தால் போதும், பப்பாளி இலையோடு யாராவது வந்து கதவைத் தட்டிவிடுவார்கள். என் அத்தை மகன் படுத்தபோது மூன்று வீட்டு இலை, ஒரு பெட்டி 100 பிளஸ், பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியின் நண்டு சூப். வந்தவர் எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்: "பிளேட்லெட் எவ்வளவு?"

2019இல் மலேசியாவில் டிங்கி கண்டவர்கள் 1,30,101 பேர். இறந்தவர்கள் 182 பேர். சிலாங்கூருக்குத்தான் முதலிடம். இத்தனை பட்டும் நாம் தவறான எண்ணையே விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

"பிளேட்லெட் இறங்கினால் ஆள் தேறாது."

டிங்கியில் பெரும்பாலும் ஆளைச் சாய்ப்பது ரத்தக் குழாயின் ஒழுக்கு. கிளினிக்கில் சோதித்துப் பார்க்கிறார்களே என்.எஸ்.1, அது வைரஸ் வெளியே விடும் புரதம். குழாயின் உட்சுவரில் பாசி படர்ந்ததுபோல் ஒரு மெல்லிய பூச்சு உண்டு. அந்தப் பூச்சை இந்தப் புரதமே அரிக்கிறது என்று 2016இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வைரஸை எதிர்த்து உடல் கிளப்பும் அழற்சியும் சேர்ந்துகொள்ள, சுவரின் செல்கள் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன. ரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் தேங்குகிறது. சிவப்பணு உள்ளேயே நின்றுவிடுவதால் ரத்தம் கெட்டியாகிறது. பரிசோதனைத் தாளில் எச்.சி.டி. என்றொரு வரி இருக்கும். நேற்று 40, இன்று 48 என்றால் குழாய் ஒழுகுகிறது என்று பொருள்.

"காய்ச்சல் விட்டது, பிழைத்தான்."

ஆபத்தான நம்பிக்கை இதுதான். ஒழுக்கு கடுமையாவதே காய்ச்சல் இறங்கும் வேளையில், பெரும்பாலும் மூன்றாம் நாளுக்குப் பிறகு. ஆள் தெளிவாகப் பேசுவார், தோசைகூடக் கேட்பார். ரத்த அழுத்தம் மட்டும் 100/82 என்று மேலும் கீழும் நெருங்கி நிற்கும். இடைவெளி 20க்குள் சுருங்கினால் அது அதிர்ச்சி நிலை. வயிற்றுவலி, விடாத வாந்தி, அசதி, பல மணி நேரம் சிறுநீர் போகாமை என எது தெரிந்தாலும் வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

"பப்பாளி இலைக்கு ஆராய்ச்சியே இருக்கிறது."

இருக்கிறது, அதுவும் நம் கிள்ளானில். தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் 228 நோயாளிகளை வைத்து நடந்து, 2013இல் வெளியானது. பாதிப் பேருக்கு 3 நாள் இலைச்சாறு கொடுத்தார்கள். அவர்களுக்கு பிளேட்லெட் சற்று வேகமாக ஏறியது. ஆனால் சாறு குழாயின் ஒழுக்கை நிறுத்துகிறது என்றோ உயிரைக் காக்கிறது என்றோ அந்த ஆய்வு நிறுவவில்லை. டிங்கி தணியும்போது பிளேட்லெட் தானாகவே ஏறும். சாற்றின் கசப்பில் வாந்தி வந்து, குடித்த தண்ணீரும் போனால் நஷ்டம் நோயாளிக்குத்தான்.

பிளேட்லெட் பையை ஏற்றச் சொல்லி டாக்டரிடம் மல்லுக்கு நிற்பவர்களுக்கு ஒரு செய்தி. சிங்கப்பூர், மலேசிய மருத்துவமனைகள் ஐந்தில், எண்ணிக்கை 20,000க்கு மேல் போகாத 372 பேரிடம் சோதித்தார்கள். 2017இல் வந்த முடிவு: ஏற்றியதால் ரத்தக்கசிவு குறையவில்லை, பக்கவிளைவுதான் கூடியது.

"அழற்சிதானே, அதற்கு மருந்து போட்டால் தீராதா?"

நியாயமான கேள்வி. வியட்நாமில் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்தார்கள், பலனில்லை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எல்லாம் ரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும். இன்றைக்குள்ள சிகிச்சை, ஒழுகும் 24 முதல் 48 மணி நேரம் வரை குழாயில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது. வாயால் முடிந்தால் வாயால், இல்லையென்றால் டிரிப்.

அதற்கும் அளவு உண்டு. சுவர் தானாக அடைபட்டதும் வெளியே தேங்கிய நீர் குழாய்க்குத் திரும்பும். அப்போதும் டிரிப் ஓடினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அத்தை மகனுக்கு ஆறாம் நாள் உள்ளங்கை அரித்தது, சிறுநீர் தாராளமாகப் போனது. மிசி வந்து டிரிப்பைக் கழற்றினார். "பிளேட்லெட் இன்னும் ஏறலையே, ஏன் கழட்டுறீங்க?" என்று அத்தை சண்டைக்குப் போனார்.