கடை பிடிக்கும் முன்: பழுது யார் பொறுப்பு?

கல்லூரி முடித்த கையோடு கடை வைக்க இடம் தேடும் பிள்ளைகளைத் திருக்கோகர்ணத்தில் ஆண்டுதோறும் பார்க்கிறேன். எல்லோரும் கஃபே வைக்கிறார்கள் என்று ஒருவர். "வாடகை குறைச்சலா இருக்கு, விட்டுடாதே" என்று அப்பா நெருக்கியதால் இன்னொருவர். தளம் ஒழுகினால் யார் பார்ப்பது என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுப்பவர் அரிது.

நம் ஊரில் கிடைப்பவை தெரிந்தவைதான். புது காம்ப்ளக்ஸில் வாடகை கூடுதல், பராமரிப்புத் தொகை தனி, அலைச்சல் குறைவு. கோயில் கடை, மாநகராட்சிக் கடை என்றால் நிபந்தனை அவர்களுடையது. அனுமதி வாங்காமல் சுவரில் கை வைக்காதீர்கள். பழைய தனியார் கட்டடத்தில், கூரையும் சுவரும் தன் பொறுப்பு என்று உரிமையாளர் எழுதித் தந்தால் தாராளமாக எடுக்கலாம். நான் சொல்வது இதைத்தான்.

தவிர்க்க வேண்டியது ஒன்று உண்டு: "வாடகையைக் குறைச்சுக்கிறேன், ரிப்பேரெல்லாம் நீங்களே பாத்துக்குங்க" என்ற ஏற்பாடு. மாதம் 2,000 ரூபாய் குறைந்தால் ஆண்டுக்கு 24,000 மிச்சம் என்று கணக்குப் போடுகிறார்கள். ஆனால் மர உத்தரங்கள் தாங்கும் பழைய மெட்ராஸ் டெரஸ் தளத்தின் கீழ் கடை நடத்தியவன் நான். நீர் இறங்கும் இடம் ஒன்று, சொட்டும் இடம் வேறு. கொத்தனார் ஓரிடத்தைக் கொத்திப் பூசினால், அடுத்த மழைக்கு நாலடி தள்ளிச் சரக்கு நனையும். சுவருக்குள் புதைந்த உத்தரத்தின் முனை உளுத்திருப்பது மேலே பார்த்தால் தெரியாது. அந்தச் செலவுக்கு எல்லை கிடையாது. செலவழித்துச் சரிசெய்த கட்டடமும் நமதாகாது.

சட்டம் இந்தச் சுமையை உங்கள் தலையில் வைக்கவில்லை. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆவது பிரிவு, இடத்தை வாங்கிய நிலையில் திருப்பித் தரச் சொல்கிறது. இயல்பான தேய்மானத்துக்கும் தடுக்க முடியாத இயற்கைச் சீற்றத்துக்கும் விலக்குத் தருகிறது. 2018 நவம்பர் 16 அன்று நம் மாவட்டத்தைச் சூறையாடிய கஜா புயல் அப்படிப்பட்ட சீற்றம்தான்; மறந்திருக்க மாட்டீர்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணையும் கட்டுமானப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுதல், வயரிங் ஆகியவற்றை உரிமையாளருக்கும், டேப், ஸ்விட்ச், பூட்டு, கண்ணாடி, சாக்கடை அடைப்பு ஆகியவற்றை வாடகைதாரருக்கும் பிரித்திருக்கிறது. ஆனால் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டால், எழுதியதுதான் செல்லும். "சகல பழுதுகளும் வாடகைதாரர் பொறுப்பு" என்ற ஒற்றை வரி, இந்தப் பாதுகாப்பை எல்லாம் கரைத்துவிடும்.

ஆகவே ஒப்பந்தத்தில் கூரை, சுவர், மெயின் வயரிங் யாருடையது என்று தனித்தனியாக எழுதுங்கள். எழுத்தில் தெரிவித்தும் உரிமையாளர் செய்யாவிட்டால், நீங்கள் செய்து வாடகையில் கழிக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாவி வாங்கும் அன்றே மூலை முடுக்கெல்லாம் போட்டோ எடுங்கள். முடிந்தால் ஐப்பசி மழையில் ஒருமுறை போய் நின்று பாருங்கள்.

பிள்ளைகளே, உங்கள் கைக்கு எது வரும் என்பதை முதலில் அறியுங்கள். கொத்தனாரோடும் எலெக்ட்ரீஷியனோடும் மல்லுக்கட்டும் பொறுமை சிலருக்கு உண்டு. பலருக்குத் தொழிலைக் கவனிக்கவே நேரம் போதாது. பெற்றோரும் அவசரப்படுத்த வேண்டாம். நல்ல இடம் அமைய ஆறு மாதம் ஆனால் ஆகட்டும். அதுவரை ஒரு கடையில் வேலைக்கு நின்று தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள். அந்தப் படிப்புக்கு வாடகையும் இல்லை, முன்பணமும் இல்லை.