பிரிண்ட் விற்கக் கிளம்பும் இளம் ஓவியர்களுக்கு

எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்து முடித்த பிள்ளைகளும், கல்லூரிப் பக்கமே போகாமல் ஐபேடில் வரைந்து பழகிய பிள்ளைகளும் இப்போதெல்லாம் கேட்பது ஒரே கேள்விதான்: "ஆன்லைன் கேலரியில் பிரிண்ட் போடலாமா ஐயா?" தாராளமாகப் போடலாம். ஹால் வாடகை இல்லை, திறப்பு விழா இல்லை, வந்தவர்களுக்குக் காபி வாங்கித் தர வேண்டியதில்லை. ஆனால் கண்காட்சியில் ஆள் படத்தின் முன்னால் வந்து நிற்கிறார். இங்கே தாளைத் தொடாமல், நிறத்தை நேரில் பார்க்காமல், நீங்கள் எழுதி வைத்ததை நம்பிக் காசு கட்டுகிறார். இந்தத் தொழிலின் எல்லாச் சிக்கலும் அதிலிருந்துதான் வருகிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1. முதலில், பிரிண்ட் போடும் உரிமை உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். நான் வரைந்தது, என்னுடையதுதானே என்று எல்லாரும் நினைக்கிறார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு வேறு மாதிரிச் சொல்கிறது. ஒருவர் பணம் கொடுத்து உங்களை வரையச் சொன்னால், மாற்றி ஒப்பந்தம் எதுவும் பேசாவிட்டால், அந்த ஓவியத்தின் பதிப்புரிமைக்கு முதல் சொந்தக்காரர் பணம் கொடுத்தவர். ஓட்டலுக்கு வரைந்த சுவர்ப்படம், கம்பெனிக் காலண்டருக்கு வரைந்தது, கல்யாண ஜோடியின் படம் எல்லாம் இதில் வரும். ஆகவே ஆர்டர் எடுக்கும்போதே "பிரதி எடுத்து விற்கும் உரிமை ஓவியருக்கே" என்று ஒரு வரி எழுதி, அவர் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். மாறாக, நீங்களாக வரைந்து வைத்திருந்த படத்தை ஒருவர் வாங்கிப் போனால், போவது படம் மட்டும். எழுதிக் கொடுத்தால் ஒழிய உரிமை உங்களிடமே இருக்கும்.

பழைய படங்களை எடுத்துப் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓவியர் இறந்த பிறகு 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். ரவிவர்மா 1906-இல் போய்விட்டார், அவர் படங்கள் பொதுச் சொத்து. கோவில்பட்டி கொண்டையராஜு இறந்தது 1976-இல். பூஜை அறைக் காலண்டரில் பார்த்துப் பழகிவிட்டதால் அவர் படங்களும் ஊர்ப் பொது என்று எண்ணாதீர்கள். 2036 முடியும் வரை கைவைக்கக் கூடாது. சினிமா ஸ்டில்லைப் பார்த்து அப்படியே வரைந்து விற்பதும் இன்னொருவர் உரிமையைத் தொடுகிற வேலைதான். ரஜினி படம் விற்கும், மறுக்கவில்லை. நோட்டீஸும் வரும்.

2. எல்லாப் படமும் அச்சுக்கு ஆகாது. தஞ்சாவூர் ஓவியத்தின் அழகே சுண்ணப் பூச்சின் மேட்டிலும் தங்க ரேக்கின் மினுக்கத்திலும் இருக்கிறது. அதை அச்சடித்தால் தங்கம் பழுப்பு மஞ்சளாக வந்து நிற்கும். கத்தியால் கனமாக இழைத்த எண்ணெய் வண்ணமும் அப்படியே, மேடுபள்ளம் போய்விட்டால் பாதி படம் போயிற்று. கோட்டோவியம் இதற்கு நேர் எதிர். மனோகர் தேவதாஸ் கண்பார்வை மங்கிக்கொண்டே போன காலத்திலும் மதுரையைப் பேனா மையில் வரைந்தார். அந்தக் கோட்டோவியங்கள் வாழ்த்து அட்டைகளாகவே பல வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. கறுப்புக் கோடு அச்சில் அனேகமாக எதையும் இழப்பதில்லை. கையில் இருபது படம் இருந்தால் அச்சுக்குத் தாங்கும் ஐந்தை மட்டும் பொறுக்குங்கள்.

3. ஃபைல் நன்றாக இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல தாளும் காப்பாற்றாது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் ஏ4 அளவுக்கு 2480 × 3508 பிக்ஸல், ஏ3 அளவுக்கு 3508 × 4961, ஏ2 அளவுக்கு 4961 × 7016 வேண்டும். ஐபேடில் வரைகிறவர்கள் முதல் கோடு போடும் முன்பே கேன்வாஸை இந்த அளவில் திறந்துவிடுங்கள். சின்னதாக வரைந்து பிறகு இழுத்துப் பெரிதாக்கினால் ஓரங்கள் மங்கிப் போகும்.

தாளில் வரைகிறவர்களுக்கு வேலை அதிகம். நீர்வண்ணம் ஏ4-க்குள் என்றால் நல்ல ஃபிளாட்பெட் ஸ்கேனரில் 600 டிபிஐ வைத்து எடுங்கள். பெரிய தாளைப் பகுதி பகுதியாக ஸ்கேன் செய்து ஒட்டலாம், ஆனால் தாளைத் திருப்பாமல் ஒரே திசையில் வைத்து எடுக்க வேண்டும். திருப்பினால் தாளின் சொரசொரப்பு விழும் நிழல் மாறி, ஒட்டிய இடம் காட்டிக்கொடுக்கும். கேன்வாஸ் என்றால் கேமராதான். 12 மெகாபிக்ஸல் ஃபோன் படம் 4000 × 3000 பிக்ஸல். கணக்குப்படி ஏ3-க்குக் கிட்டத்தட்டப் போதும். கோளாறு பிக்ஸலில் இல்லை, வெளிச்சத்தில். ஜன்னல் பக்கம் பிரகாசமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் வந்த படத்தை எந்த மென்பொருளாலும் முழுக்கச் சரிசெய்ய முடியாது. ஒரே மாதிரி இரண்டு விளக்கு, இரு பக்கமும் 45 பாகைச் சாய்வில், அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு எடுங்கள். கேமரா படத்தின் நடுவுக்கு நேராக இருக்கட்டும். பக்கத்தில் ஒரு சாம்பல் நிற அட்டையை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால் பிறகு நிறம் திருத்த உதவும்.

அச்சடித்துத் தரும் லேபுக்கு ஃபைலை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது நசுக்கித்தான் அனுப்பும். டிரைவ் லிங்க் போடுங்கள்.

4. திரை பொய் சொல்லும். திரை தானாக ஒளி விடுகிறது, தாள் விடுவதில்லை. ஃபோன் வெளிச்சத்தை முழுதாக வைத்து நிறம் திருத்தினால் அச்சு இருட்டடித்துத்தான் வரும். வெளிச்சத்தைக் குறைத்து வைத்து வேலை செய்யுங்கள். லேபில் அவர்கள் தாளுக்கும் பிரிண்டருக்கும் உரிய நிற ப்ரொஃபைல் கேட்டால் தருவார்கள். தராத லேபை விட்டு விலகுங்கள். மின்னும் நீலமும் கண்ணைப் பறிக்கும் பச்சையும் தாளில் அப்படியே வராது. ராமர் பச்சை திரையில் எப்படி ஜொலித்தாலும் அச்சில் ஒரு படி இறங்கும் என்று முன்கூட்டியே எதிர்பாருங்கள்.

5. தாளும் மையும். பிக்மென்ட் மை, அமிலமில்லாத பருத்தித் தாள் இரண்டும் சேர்ந்தால்தான் பல பத்தாண்டுகள் நிற்கும் பிரிண்ட் என்று சொல்லலாம். சாயமையில் அடித்தது வெயில் படும் சுவரில் சீக்கிரம் வெளிறும். ஹானமூலே மாதிரி ஜெர்மன் தாள் விலை அதிகம். எல்லாப் படத்துக்கும் அது தேவையில்லை. மாணவர்கள் அறையில் ஒட்டும் போஸ்டருக்குச் சாதாரண மேட் தாள் போதும். ஆனால் எதில் அடித்தீர்களோ அதையே எழுதுங்கள். தாளின் பெயர், அதன் கனம் (ஜிஎஸ்எம்), மை வகை மூன்றும் படத்தின் கீழே இருக்க வேண்டும்.

6. உங்கள் பிரிண்ட் எந்த வகை என்பதை மறைக்காதீர்கள். தகட்டை அமிலத்தில் அரித்து எடுக்கும் எட்சிங், லினோகட், மரச்செதுக்கு, சில்க் ஸ்கிரீன் இவற்றில் அச்சே அசல், ஆர்.எம். பழனியப்பன் போன்றவர்கள் வாழ்நாள் உழைப்பைப் போட்ட துறை அது. சென்னையில் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமி மண்டல மையத்துக்குப் போய் அந்த வேலையை ஒரு தடவையாவது கண்ணால் பாருங்கள். நீங்கள் விற்கப்போவது பெரும்பாலும் ஓவியத்தின் இங்க்ஜெட் பிரதி. அதற்கு ஜிக்ளே என்று 1990-களில் அமெரிக்காவில் ஒரு பெயர் வைத்தார்கள். பெயர் எடுப்பாக இருக்கிறது என்று அதைப் போட்டு "ஒரிஜினல் பிரிண்ட்" என்றும் சேர்த்து எழுதுகிறவர்களை நான் மதிப்பதில்லை. பிரதி என்று எழுதி விற்றாலும் வாங்க ஆள் இருக்கிறது.

7. எடிஷன் எண் போட்டால் அது சத்தியம். 50 என்று அறிவித்தால் 50-தான். படத்துக்குக் கீழே வெள்ளை ஓரத்தில் பென்சிலால் இடப்பக்கம் 7/50, நடுவில் தலைப்பு, வலப்பக்கம் கையெழுத்து, இதுதான் வழக்கம். ஓவியர் பிரதி என்று சிலவற்றைத் தனியாக வைத்துக்கொள்ளலாம், எத்தனை என்பதையும் சொல்லிவிட வேண்டும். யாருக்கு எந்த எண் போனது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். விற்றுத் தீர்ந்த படத்தை "அளவு மாற்றிவிட்டேன், தாள் மாற்றிவிட்டேன்" என்று மறுபடி இறக்குகிற தந்திரத்தை நிறையப் பார்க்கிறேன். முதலில் வாங்கிய ஐம்பது பேரும் உங்களிடம் இன்னொரு படம் வாங்கக் கூடியவர்கள். அவர்களை ஏமாற்றிவிட்டு யாரிடம் விற்பீர்கள்? எத்தனை விற்கும் என்று தெரியாத தொடக்க காலத்தில் எண்ணே போடாமல் திறந்த எடிஷனாக, குறைந்த விலைக்குக் கொடுங்கள். அதில் ஒரு அவமானமும் இல்லை.

8. ஃப்ரேம் கடையில் ரெடியாகக் கிடைக்கும் அளவில் அச்சடியுங்கள். 8 × 12, 12 × 18 அங்குலச் சட்டம் சின்ன ஊரிலும் இருக்கும். உங்கள் கலை உணர்வுக்காக 13 × 17 என்று வைத்தால், வாங்கியவர் பிரிண்ட் விலையைவிடச் சட்டத்துக்கு அதிகம் கொடுப்பார். சுற்றிலும் ஓர் அங்குலம் வெள்ளை விடுங்கள்.

9. விலையைத் துணிச்சலில் போடாதீர்கள், கணக்கில் போடுங்கள். உதாரணமாக ஓர் ஏ3 பிரிண்ட் 1500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தளத்தின் கமிஷன் 30 சதவீதம் என்றால் 450 போயிற்று. லேபுக்கு 600. அட்டைக் குழாய் 80, கூரியர் 150, பணம் வந்து சேரும் கட்டணம் 30. கையில் நிற்பது 190 ரூபாய். இதில் ஒன்று கசங்கித் திரும்பி வந்தால் நான்கு, ஐந்து பிரிண்டின் லாபம் அதோடு சரி. இந்தக் கணக்கைப் போடாமல் "முதலில் பெயர் வரட்டும்" என்று 700-க்கு விற்கிறவர்கள் சொந்தக் காசைக் கொடுத்து மற்றவர் சுவரை அலங்கரிக்கிறார்கள். இன்னொன்று, ஒரே படத்துக்கு எல்லா இடத்திலும் ஒரே விலை இருக்கட்டும். கேலரியில் 1500, இன்ஸ்டாகிராமில் கேட்டால் 900 என்பது ஒருநாள் வெளியே வரும், அன்றைக்குக் கேலரி உங்களை எடுத்துவிடும்.

10. கடையைத் தேர்ந்தெடுப்பது. ஃபைன் ஆர்ட் அமெரிக்கா மாதிரித் தளங்களில் நீங்கள் ஃபைலை ஏற்றினால் போதும், ஆர்டர் வந்ததும் அவர்களே அச்சடித்து அனுப்புகிறார்கள். அடிப்படை விலைக்கு மேல் நீங்கள் வைக்கும் தொகைதான் உங்கள் பங்கு. தலைவலி இல்லை, ஆனால் பிரிண்ட் உங்கள் கையில் படுவதே இல்லை, கையெழுத்தும் போட முடியாது. எட்ஸி மாதிரி இடங்களில் கடை உங்களுடையது, அச்சும் பார்சலும் உங்கள் பொறுப்பு. அங்கே ஒரு பொருளைப் பட்டியலிட 20 சென்ட், விற்றால் 6.5 சதவீதம், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. உள்ளூர்க் கேலரிகளின் ஆன்லைன் பிரிவில் ஆள் பேசி வாங்குவார்கள், கமிஷன் கூடுதல்.

எதுவானாலும் ஒப்பந்தத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். விற்பனைக்கு வைக்க அனுமதி தருவது வேறு, உரிமையை எழுதிக் கொடுப்பது வேறு. சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். "எல்லாக் காலத்துக்கும், உலகம் முழுதும், எந்த ஊடகத்திலும்" என்ற வாசகம் கண்ணில் பட்டால், உங்கள் படம் நாளைக்கு டீ கோப்பையிலும் செருப்பிலும் வரச் சம்மதமா என்று உங்களையே கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

11. தளத்தில் பெரிய ஃபைலை ஏற்றாதீர்கள், அவர்கள் அச்சடிக்கக் கேட்டால் ஒழிய. பார்வைக்கு நீளப்பக்கம் 1500 பிக்ஸல் தாராளம். படம் திருடு போனால் நிரூபிக்க, பென்சில் கோட்டிலிருந்து ஒவ்வொரு கட்டத்தையும் தேதியோடு வைத்திருங்கள். பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை, வரைந்த கணமே அது உங்களுடையது. ஆனாலும் நிறைய விற்கும் படத்துக்கு 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்து வைத்தால் வழக்கில் சாட்சியாக நிற்கும்.

12. படத்தோடு போடும் எழுத்து. "என் ஆன்மாவின் தேடல்" என்று எழுதாதீர்கள், நூறு பேர் எழுதிவிட்டார்கள். எந்த ஊர், எந்தத் தெரு, என்ன வண்ணம், அசல் எவ்வளவு பெரியது, பிரிண்ட் எவ்வளவு பெரியது என்று எழுதுங்கள். சுவரில் மாட்டி, பக்கத்தில் ஒரு நாற்காலியோடு ஒரு ஃபோட்டோ போடுங்கள். ஏ4-ஐப் பெரிய படம் என்று நினைத்து வாங்கி வருத்தப்படுகிறவர்கள் ஏராளம்.

13. பார்சல். சின்னப் பிரிண்ட்டைச் சுருட்டாதீர்கள். இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே தட்டையாக அனுப்புங்கள். பெரியதற்குக் குறைந்தது 3 அங்குல விட்டமுள்ள கெட்டிக் குழாய், உள்ளே பட்டர் பேப்பர் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் போட்டு. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையிலிருந்து அனுப்பும் எதையும் மழையில் நனையும் என்று நினைத்தே கட்டுங்கள். தாளைத் தொடும்போது பருத்திக் கையுறை. உங்கள் வியர்வைக் கைரேகையும் படத்தோடு போய்ச் சேர வேண்டாம்.

14. வேறு மாநிலத்துக்கு விற்றாலோ பெரிய தளங்கள் வழியே விற்றாலோ ஜிஎஸ்டி விதிகள் மாறும். ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள். யூடியூப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

15. கடையைத் திறந்ததும் முதல் ஆர்டரை நீங்களே போடுங்கள். உங்கள் பெயரில் வேண்டாம், வெளியூரில் இருக்கும் சிநேகிதர் பெயரில், முழுப் பணமும் கட்டி. பார்சல் எந்த நிலையில் வந்தது, நிறம் எப்படி, வாசனை எப்படி, எத்தனை நாள் ஆனது என்று அவர் சொல்லட்டும். அவர் "நல்லாயிருக்கு" என்று மட்டும் சொன்னால் நம்பாதீர்கள், ஃபோட்டோ கேளுங்கள். அது வந்து, உங்களுக்கே திருப்தியான பிறகு ஊருக்குச் சொல்லுங்கள்.