கண்ணுக்குள் வைக்கப்படும் ஸ்டீராய்டு மருந்து: நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

யுவைட்டிஸ் எனப்படும் கண் உள் அழற்சியால் நெடுநாள் துன்புறும் நோயாளிகளிடம், கண்ணுக்குள் ஸ்டீராய்டு இம்ப்ளான்ட் வைக்கலாம் என்று நாங்கள் கூறும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. "இதை வைத்துக்கொண்டால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்பது ஒன்று. "பார்வை தெளிந்த பிறகும் ஏன் வர வேண்டும்?" என்பது மற்றொன்று. பார்வையைக் காப்பது இவ்விரண்டுக்குமான விடையைப் புரிந்துகொள்வதில்தான் இருக்கிறது.

ஏன் கண்ணுக்குள்ளேயே மருந்து?

ஐரிஸ், சிலியரி பகுதி, கோராய்டு ஆகியவை சேர்ந்த கண்ணின் நடு அடுக்கே யுவியா. அதன் முன்பகுதியில் அழற்சி வந்தால் கண் சிவந்து வலிக்கும். வெளிச்சம் பட்டால் கூசும். அது பெரும்பாலும் சொட்டு மருந்துக்குக் கட்டுப்படும். பின்பகுதியில் வரும் அழற்சியோ வலியும் சிவப்பும் இன்றியே பார்வையை மங்கச் செய்யலாம். கண்முன் கரும்புள்ளிகள் மிதக்கலாம். சொட்டு மருந்து அவ்வளவு ஆழம் செல்வதில்லை. ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் உட்கொண்டால் சர்க்கரை, இரத்த அழுத்தம், எலும்பு வலுவிழத்தல் ஆகிய தொல்லைகள் தொடரும். எனவேதான் மருந்தை நோயுள்ள இடத்திலேயே வைக்கும் முறை தோன்றியது.

இன்று பரவலாகப் பயன்படும் இம்ப்ளான்ட்டில் 0.7 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் உள்ளது. அதன் நீளம் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர். தடிமன் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கண்ணை மரத்துப்போகச் செய்து, ஊசி வழியாக இது செலுத்தப்படுகிறது, தையல் தேவையில்லை. மருந்தைத் தாங்கியுள்ள பொருள் மெல்லக் கரைந்து நீராகவும் கரியமில வாயுவாகவும் மாறிவிடுவதால், அதனை வெளியே எடுக்க வேண்டியதில்லை. பலன் பொதுவாக 3 அல்லது 4 மாதங்களும், சிலருக்கு 6 மாதங்கள் வரையிலும் நீடிக்கும்.

தொற்றினால் வராத யுவைட்டிஸுக்கு அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டு இதற்கு ஒப்புதல் கிடைத்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில் 229 பேர் பங்கேற்றனர். எட்டாம் வாரத்தில், இம்ப்ளான்ட் பெற்றவர்களில் 47 விழுக்காட்டினருக்குக் கண்ணுள் கலங்கல் முற்றிலும் தெளிந்தது. மருந்தில்லாப் போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 12 விழுக்காட்டினருக்கே அவ்வாறு தெளிந்தது.

கண் நோய்க்கு மார்பு எக்ஸ்ரே ஏன்?

காசநோய், டாக்ஸோபிளாஸ்மா, சிபிலிஸ், ஹெர்பிஸ் போன்ற தொற்றுகளும் யுவைட்டிஸை உண்டாக்கும். ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும்போது உடலின் எதிர்ப்பாற்றலையும் அடக்குகிறது. உள்ளே கிருமி இருந்தால் அது தடையின்றிப் பெருகும். ஆகவே இரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, காசநோய்க்கான தோல் பரிசோதனை ஆகியவற்றை முடித்த பின்னரே முடிவெடுக்கிறோம். முன்பு கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள் அந்தக் காகிதங்களைத் தவறாமல் கொண்டுவர வேண்டும். லென்ஸின் பின்னுறை கிழிந்திருந்தால் இம்ப்ளான்ட் முன்புறம் நகர்ந்து கார்னியாவைக் கெடுக்கக்கூடும்.

பார்வை தெளிந்த பின் ஏன் வர வேண்டும்?

ஸ்டீராய்டு கண்ணின் உள்ளழுத்தத்தை உயர்த்தலாம். இவ்வுயர்வு பெரும்பாலும் வலிப்பதில்லை. பார்வையும் உடனே குறைவதில்லை. நோயாளி நலமாக இருப்பதாக எண்ணும்போதே பார்வை நரம்பு தேய்ந்துகொண்டிருக்கும். தேய்ந்த நரம்பை மீட்க இயலாது. மேற்கூறிய ஆய்வில் 23 விழுக்காடு வரையிலானோருக்கு அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து தேவைப்பட்டது. அழுத்தம் இரண்டாம் மாதவாக்கில் மிகுதியாக உயர்வதால், அந்த வருகையைத் தவிர்க்கவே கூடாது. காரைக்கால் போன்ற தொலைவிடங்களிலிருந்து வருவோர், அருகிலுள்ள கண் மருத்துவரிடம் அழுத்தத்தை அளந்து குறித்துவைத்தல் நலம். மீண்டும் மீண்டும் இம்ப்ளான்ட் வைக்கும்போது கண்புரையும் வளரலாம். அதனை அறுவையால் நீக்கலாம்.

மாத்திரையை நிறுத்தலாமா?

இம்ப்ளான்ட் கண்ணைக் காக்கிறது. நோயின் வேர் உடலில் இருந்தால் அதனை நீக்குவதில்லை. இரண்டரை ஆண்டுகள் வரை மருந்து கசியும் வேறொரு இம்ப்ளான்ட்டையும் மாத்திரை வழிச் சிகிச்சையையும் 255 பேரிடம் ஒப்பிட்ட ஆய்வில், ஏழாண்டு முடிவில் மாத்திரை வழிச் சிகிச்சை பெற்றவர்களின் பார்வையே மேம்பட்டு இருந்தது. ஸ்டீராய்டைக் குறைக்க உதவும் மெத்தோட்ரெக்சேட், மைக்கோபினோலேட் ஆகிய மருந்துகளை மதுரை, கோயம்புத்தூர் அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 80 நோயாளிகளிடம் ஒப்பிட்ட ஆய்வு 2014-இல் வெளியாயிற்று. இரண்டுக்கும் பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எவருக்கு எது பொருந்தும் என்பது நோயைப் பொறுத்தது. ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாகத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

உடனே வர வேண்டிய நேரம்

ஊசி போட்ட சில நாட்களுக்குள் வலி கூடினாலோ, கண் மிகச் சிவந்தாலோ, பார்வை குறைந்தாலோ, அடுத்த தேதிக்குக் காத்திராமல் அன்றே வாருங்கள். குடும்பத்தினர் அழுத்தப் பரிசோதனைத் தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்துவைத்து நினைவூட்டுவது, நாங்கள் தரும் மருந்துக்கு இணையான உதவியாகும்.